ஒற்றைப் பல்லுக்குச் சரி, முழு வரிசைக்கு?

பல்லுக்கு கேப் போட்டுக்கொண்டவர்களைக் கேட்டால், வலியைவிட அளவெடுத்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். பிசைந்த மாவு போன்ற புட்டியை ட்ரேயில் அப்பி, வாய்க்குள் வைத்து மருத்துவர் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அது இறுகும்வரை மூக்கால் மூச்சு விட்டபடி, வருகிற குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது பல கிளினிக்குகளில் அந்த ட்ரே வெளியே வருவதே இல்லை. மின்சார டூத்பிரஷைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு கருவியின் முனை பற்களின் மேல் ஊர்ந்து போகிறது. பக்கத்துத் திரையில் ஒவ்வொரு பல்லாக, ஈறின் நிறத்தோடு, ஒரு வாய் உருவாகிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இந்தக் கருவியை விற்பவர் தரும் தாளில் தவறாமல் ஓர் எண் இருக்கும்: இத்தனை மைக்ரான் துல்லியம் என்று. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தூரத்தை அளந்தபோது, யார் வாயில் அளந்தபோது அது கிடைத்தது என்று பக்கத்தில் எழுதாதவரை, அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70, 80 மைக்ரான் இருக்கும். சோறு மெல்லும் பல்லுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். செதுக்கிய பல்லுக்கும் அதன்மேல் கவிழ்க்கும் கேப்புக்கும் இடையில் சிமென்ட் இருக்கிறது. விளிம்பில் சந்து அகலமாக இருந்தால் சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாக எச்சிலில் கரையும். அந்த இடத்தில் கிருமிப் படலம் தங்கும். கேப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், சொத்தை பிடிக்கும். பளபளவென்று இருந்த கேப் ஒருநாள் கழன்று கையோடு வரும்போது உள்ளே பல் கறுத்துப் போயிருப்பது இப்படித்தான். 1971-ல் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர், ஐந்தாண்டுக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப்களையும் அடைப்புகளையும் ஆராய்ந்து, இந்தச் சந்து 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் பல் மருத்துவக் கட்டுரைகள் அந்த எண்ணைத்தான் எல்லைக்கோடாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அது வேலை முடிந்து வாயில் ஒட்டிய கேப்புக்கான எல்லை. அளவெடுப்பது, லேபில் செய்வது, சிமென்ட் வைத்து அழுத்துவது என்று ஒவ்வொரு கட்டமும் அந்த 120-க்குள் தன் பங்கைக் கேட்கிறது. அளவெடுக்கும்போதே நூறைத் தின்றுவிட்டால் மற்றவற்றுக்கு மிச்சமில்லை.

துல்லியம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை, அளவீட்டுக்கான சர்வதேசத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 5725 இரண்டாகப் பிரிக்கிறது. மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ பருப்பைப் பத்து முறை வைத்தாலும் பத்து முறையும் 1050 கிராம் காட்டுகிற தராசு தன் பேச்சை மாற்றாத தராசு. ஆனால் அது சொல்வது உண்மையில்லை. ஒருமுறை 980, இன்னொரு முறை 1020 என்று அலைந்து, சராசரியில் சரியாக ஒரு கிலோவுக்கு வருகிற தராசு உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் ஒரு தடவை நிறுத்ததை நம்ப முடியாது. ஸ்கேனருக்கும் இந்த இரண்டு கேள்விகளும் உண்டு: உண்மைக்கு எவ்வளவு நெருக்கம், தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறது. நோயாளியின் வாயில் இரண்டாவதை மட்டும்தான் நேரடியாகச் சோதிக்க முடிகிறது, ஏனென்றால் வாயைக் கழற்றி அளவுகோல் எந்திரத்தில் வைக்க முடியாது. விளம்பரத் தாளில் வரும் எண் இவற்றில் எது என்று பெரும்பாலும் போட்டிருப்பதில்லை.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு பல்லுக்காகத்தான். வாய்க்குள் ஒளியால் அளவெடுக்கலாம் என்ற யோசனையை 1973-ல் தன் ஆய்வேட்டில் முன்வைத்தவர் ஃபிரான்சுவா துரே என்ற பிரெஞ்சுக்காரர். அதை மருத்துவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் சூரிச் பல்கலைக்கழகத்தின் வெர்னர் மெர்மனும், மின்னணுப் பொறியாளர் மார்க்கோ பிரான்டெஸ்டினியும். 1985-ல் அவர்களுடைய செரெக் கருவி செய்தது ஒரு பல்லின் குழிக்குள் பொருந்தும் பீங்கான் துண்டு, அவ்வளவுதான். எனாமல் ஒளியைத் தனக்குள் விட்டுச் சிதறடிக்கும் என்பதால் பல்லின்மேல் வெள்ளைப் பொடி தூவித்தான் படமெடுக்க வேண்டியிருந்தது. ஒரே பார்வையில் ஒரு பல் அடங்கிவிடும். ஒட்டுப்போட வேண்டிய தேவையே இல்லை. பொடி இன்று போய்விட்டது, படங்கள் நொடிக்குப் பல என்று குவிகின்றன, வண்ணம் வந்துவிட்டது. ஆனால் முனையில் இருக்கும் சன்னல் இன்றும் ஒன்றிரண்டு பற்களுக்கு மேல் பார்க்காது. வாய்க்குள் நுழைய வேண்டிய கருவியில் அதைவிடப் பெரிய சன்னல் வைக்கவும் முடியாது.

முழு வரிசையையும் எடுக்க வேண்டுமென்றால், கருவி எடுக்கும் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை மென்பொருள் ஒன்றோடொன்று தைக்கிறது. முந்தைய படத்திலும் இந்தப் படத்திலும் பொதுவாக உள்ள மேடு பள்ளங்களைத் தேடிப் பொருத்தி, அடுத்ததை ஒட்டுகிறது. ஓரடி ஸ்கேலை வைத்து இருபதடிச் சுவரை அளப்பதைப் போன்றது இது. ஸ்கேலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் மறுபடி ஸ்கேலை வைத்து அளந்துகொண்டே போகிறோம். முதல் அடியில் பென்சில் கோட்டின் தடிமனுக்கு மேல் பிழை வராது. இருபதாவது அடியில் இருபது கோடுகளின் பிழையும் சேர்ந்து நிற்கும். ஸ்கேல் ஒவ்வொரு முறையும் அரைப் பாகை சாய்ந்தால் கதை இன்னும் மோசம்: நீளம் மட்டுமில்லாமல் திசையும் தவறும். பல்வரிசை நேரான சுவர்கூட இல்லை, குதிரைலாடம். ஒரு கடைவாய்ப்பல்லில் தொடங்கி, வளைவைச் சுற்றி, எதிர்ப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்குப் போய்ச் சேரும்போது, சின்னச் சின்னக் கோணப் பிழைகள் லாடத்தின் ஒரு முனையை விரித்துவிடும் அல்லது முறுக்கிவிடும். இதில் அதிகம் தொல்லை தருவது கீழ் முன்பற்கள். ஒன்றுபோலவே இருக்கும் நாலு மெல்லிய தகடுகள். மேலே கத்திமுனை போன்ற விளிம்பு. மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள அங்கே மேடு பள்ளம் குறைவு.

ஆய்வுகளில் வரும் எண்களும் இதே வடிவத்தைத்தான் காட்டுகின்றன. ஒற்றை கேப்புக்கு ஸ்கேனர் வழியாகச் செய்தவையும் புட்டி வழியாகச் செய்தவையும் பெரும்பாலும் அந்த 120-க்குள் அடங்குகின்றன. சில ஒப்பீடுகளில் ஸ்கேனரே முந்துகிறது. அளக்கும் தூரம் கூடக்கூடப் படம் மாறுகிறது. சூரிச்சில் எண்டர், மெல் என்ற இருவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், முழு வரிசை மாதிரி ஒன்றை இரண்டு வழியிலும் அளவெடுத்தார்கள். உயர்தர அச்சுப் பொருளின் பிழை சுமார் 20 மைக்ரான்; அப்போதைய செரெக் கருவியின் பிழை 60-ஐ ஒட்டி. அதற்குப் பிறகு வந்த கருவிகள் இந்த இடைவெளியைச் சுருக்கியிருக்கின்றன, சில ஆய்வுகளில் அழித்தே விட்டன. என்றாலும் தொடங்கிய இடத்திலிருந்து விலகப் பிழை வளர்கிறது என்ற சாய்வு ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருகிறது.

மேசையில் கிடைக்கும் எண்ணை வாயில் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. அதே 2013-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஐடெரோ கருவியால் ஒரே வாயைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தது; அந்த வாயின் பிளாஸ்டர் மாதிரியையும் அதே கருவியால் ஸ்கேன் செய்தது; பிறகு மாதிரியை லேப் ஸ்கேனரில் வைத்தது. ஒரு ஸ்கேனுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான வேறுபாடு லேப் ஸ்கேனரில் 10 மைக்ரான், ஐடெரோவை மேசையில் வைத்துப் பிடித்தபோது 25, வாய்க்குள் விட்டபோது 50. கருவி அதேதான், நாக்கும் கன்னமும் எச்சிலும் சேர்ந்தவுடன் வேறுபாடு இரட்டிப்பாகிவிட்டது. எச்சில் துளி ஒளியை வளைக்கும். பழைய உலோக அடைப்பு கண்ணாடி மாதிரி மின்னும். அறை வெளிச்சம்கூடக் கணக்கில் வருகிறது: வெளிச்ச அளவை மாற்றி மாற்றிச் செய்த சோதனைகளில், ஒரு கருவிக்கு ஒத்துவந்த வெளிச்சம் இன்னொன்றுக்கு ஒத்துவரவில்லை. இதெல்லாம் போதாதென்று, வாயை அகலத் திறந்தால் கீழ்த்தாடை எலும்பே தசைகளின் இழுப்பில் லேசாக உள்ளே குறுகுகிறது. அளக்கிற பொருளே அளக்கும்போது வளைகிறது என்றால் யாரைக் குறை சொல்வது? (புட்டி ட்ரேயும் திறந்த வாய்க்குள்தான் போகிறது, இந்த ஒரு குறையை ஸ்கேனர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.)

எண்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இது கவனிக்கப்படுவதே குறைவு. இரண்டு வளையல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழு வட்டம், மற்றது ஒரு பக்கம் மட்டும் அழுந்தியது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, எங்கே பார்த்தாலும் வித்தியாசம் குறைவாகத் தெரிகிறபடி நகர்த்தினால், அழுந்தல் சுற்றிலும் பங்கு போடப்பட்டுவிடும். ஓரிடத்தில் பெரிதாக இருந்த குறை, பல இடங்களில் சின்னதாகத் தெரியும். முப்பரிமாணப் படங்களை ஒப்பிடும் மென்பொருள் இயல்பாகச் செய்வது இதைத்தான். அதன் பிறகு மேலே துருத்திய இடத்துக்குக் கூட்டல், உள்ளே அமுங்கிய இடத்துக்குக் கழித்தல் என்று போட்டுச் சராசரி எடுத்தால், இரண்டும் அடித்துக்கொண்டு போய்ச் சுழியத்துக்குப் பக்கத்தில் ஓர் அழகான எண் கிடைக்கும். திரையில் பச்சைப் பசேலென்று வண்ணப்படமும் வரும். கடைசிக் கடைவாய்ப்பல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அந்தப் பச்சைக்குள் மறைந்துவிடும். வரிசையின் இரு முனைகளிலும் உலோக உருண்டைகளைப் பதித்து, அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நேராக அளக்கும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றின் எண்கள் பெரிதாக இருக்கும், அழகும் குறைவுதான். முழு வரிசையைப் பற்றிப் பேசும்போது நான் நம்புவது அவற்றைத்தான்.

புட்டி மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு; கேட்க வேண்டிய கேள்விதான். அச்சுப் பொருள் இறுகும்போது சுருங்குகிறது. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பொருளை உடனே வார்க்காமல் விட்டால் ஈரம் இழந்து வடிவம் மாறும். தண்ணீரில் போட்டால் ஊதும். ட்ரேயை எடுக்கும்போது இழுபட்டு ஓரம் கிழியும். அச்சில் ஊற்றும் டை ஸ்டோன் என்ற கெட்டிப் பிளாஸ்டர் இறுகுகையில் விரிகிறது, 0.1 சதவீதம் அளவுக்கு. கடைவாய்ப்பல்லுக்கும் எதிர்க் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் என்றால், அந்த 0.1 சதவீதமே 50 மைக்ரான். ஆகவே புட்டியும் பிழை செய்கிறது, சில சமயம் ஸ்கேனரைவிட அதிகமாக. ஆனால் பிழையின் சுபாவம் வேறு. புட்டி ஒரே துண்டாக இறுகுகிறது. சுருங்கினாலும் விரிந்தாலும் ஏறக்குறைய மொத்தமாகச் செய்கிறது, சுருக்கமும் விரிவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டியும் விடுகின்றன. ஸ்கேனரின் பிழை தையல் தையலாகச் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்வது. ஸ்கேனருக்கு உள்ள சலுகையையும் சொல்லியாக வேண்டும்: ஒரு மூலையில் படம் சரியில்லை என்றால் அந்த மூலையை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம், செதுக்கிய பல்லின் விளிம்பைத் திரையில் பெரிதாக்கி நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பார்க்கலாம். புட்டியில் விளிம்பில் ஒரு காற்றுக்குமிழி விழுந்தால், மறுபடி முழு ட்ரே, மறுபடி குமட்டல்.

இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த வாதம். தையல் விஷயத்தில் இது பெருமளவு உண்மை. அதே கருவியில் மென்பொருளின் புதுப் பதிப்பு ஏறினால் துல்லியம் மாறுகிறது. ஆய்வுக் கட்டுரை அச்சாகி வருவதற்குள் அதில் சோதித்த பதிப்பு பழசாகிவிடுகிறது. ஆனால் எந்தப் பதிப்பாலும் ஒளியின் குணத்தை மாற்ற முடியாது. செதுக்கிய விளிம்பு ஈறுக்கு அடியில் இருந்தால், அங்கே ரத்தம் கசிந்தால், ஒளிக்கு அது தெரியாது. புட்டியின் முன் ஊற்றும் இளகிய பொருளாவது அழுத்தத்தில் கொஞ்சம் உள்ளே போகும். ஸ்கேனர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும். பார்க்காத இடத்தை மென்பொருள் தானாக நிரப்பி வழவழப்பாக்கிவிடுவதும் உண்டு. அதனால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய நூலைத் திணித்து ஈறை விலக்குவது, ரத்தத்தை நிறுத்துவது, பல்லை ஊதிக் காயவைப்பது என்ற பழைய கைவேலைகள் ஸ்கேனர் வந்த பிறகும் ஒன்றுகூடக் குறையவில்லை. எந்தப் பல்லில் தொடங்கி எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாதை உண்டு. அதை மீறி மனம்போனபடி துழாவினால் தையல் கோணலாகும். இதில் தேறக் கைக்குப் பழக்கம் வேண்டும்.

எல்லாம் இருக்கட்டும், ஒரு முடியின் தடிமன் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பதுதான் என்னைக் கேட்டால் வலுவான ஆட்சேபம். இதற்கு ஒரே பதில் கிடையாது. என்ன வேலை என்பதைப் பொறுத்தது. பல்லின் வேர் எலும்பில் ஆணி அடித்தாற்போல் நிற்கவில்லை. நாரால் ஆன ஒரு மெத்தையில் தொங்குகிறது. கடிக்கும்போது அது 25 முதல் 100 மைக்ரான் வரை உள்ளே இறங்கி எழும். ஆகவே பற்களின்மேல் பொருந்தும் பிரிட்ஜில் சின்னக் கோணல் இருந்தால் பல்லே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பற்களை நகர்த்தும் கண்ணாடி போன்ற அலைனர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டுக்கு ஒரு பல்லைக் கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான், நகர்த்துவதுதான் வழக்கமான கணக்கு. பிளாஸ்டிக் தகடும் வளைந்து கொடுக்கும். முழு வரிசை ஸ்கேனில் சில பத்து மைக்ரான் பிழை இருந்தாலும் அங்கே வேலை நடந்துவிடும். முழு வாயையும் ஸ்கேன் செய்வதில் அலைனர் சிகிச்சை முன்னால் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இம்பிளான்ட் அப்படியில்லை. டைட்டானியம் திருகு எலும்போடு எலும்பாக ஒட்டிவிடுகிறது. நடுவில் மெத்தை கிடையாது. மேலிருந்து அழுத்தினால் அது அசைவது 3 முதல் 5 மைக்ரான்தான். பல்லே இல்லாத தாடையில் நாலு அல்லது ஆறு இம்பிளான்ட் வைத்து, அத்தனையையும் ஒரே பிரிட்ஜால் இணைக்கும்போது, பிரிட்ஜ் ஓரிடத்தில் நூறு மைக்ரான் தள்ளி வந்தால் விட்டுக்கொடுக்க யாரும் இல்லை. ஸ்க்ரூவை முடுக்கினால் அது இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிடும், நோயாளிக்குத் தெரியாது. ஆனால் அந்த இழுப்பு உள்ளேயே தங்கும். பிறகு ஸ்க்ரூ தளரும், உடையும், பீங்கான் சில்லு தெறிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், துல்லியம் மிக அதிகமாகத் தேவைப்படும் இந்த இடத்தில்தான் ஸ்கேனருக்குப் பிடிமானம் மிகக் குறைவு. பல் இல்லாத ஈறு ஈரமான, வழவழப்பான, எங்கே பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும் பரப்பு, அழுத்தினால் நகரும். இம்பிளான்டின்மேல் பொருத்தும் ஸ்கேன் பாடி என்ற சிறு கம்பங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும். எல்லாம் ஒரே அச்சு என்பதால் மென்பொருள் ஒன்றை இன்னொன்று என்று குழம்பவும் செய்யும். இதற்காகவே ஃபோட்டோகிராமெட்ரி என்ற முறை வந்திருக்கிறது. வாய்க்கு வெளியிலிருந்து ஒரு கேமரா எல்லாக் கம்பங்களையும் சேர்த்துப் பார்த்து இடம் குறிக்கும், தைக்க வேண்டியதில்லை. ஈறின் வடிவத்தை மட்டும் வழக்கமான ஸ்கேனரிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். சுவரை ஓரடி ஸ்கேலால் அளக்காமல் ஒரே நீள நாடாவால் அளப்பது மாதிரி.

பல லட்சம் போட்டு ஸ்கேனர் வாங்கிய கிளினிக்கில் இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்க வேண்டியதில்லை. ஒற்றை கேப்புக்கு என்றால் கேட்கவே வேண்டாம், ஸ்கேனரோ புட்டியோ, செய்கிறவரின் கைதான் முக்கியம். முழு வாய்க்கு இம்பிளான்ட் பிரிட்ஜ் என்றால், அளவு சரியா என்று வாயில் எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. எந்த மென்பொருளும் தேவையில்லை. பிரிட்ஜை எல்லா இம்பிளான்ட்களின் மேலும் வைத்துவிட்டு, ஓர் ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்குவார்கள். பிறகு மறு ஓரத்தைப் பார்ப்பார்கள். ஈறுக்குள் மறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். பிரிட்ஜ் ஆடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் மற்ற ஸ்க்ரூக்கள் ஏறும். மறு ஓரம் இம்பிளான்டை விட்டு எழும்பி, நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், சட்டத்தை அந்த இடத்தில் வெட்டி, வாயிலேயே ரெசின் ஊற்றி இணைத்து, மறுபடி லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான்.